சிறுவர் படநூல்களும் வனவிலங்குப் பாதுகாப்புக் கல்வியும்: ஒரு சமூகவியல் நோக்கு

2018 ஆம் ஆண்டு யூன் மாதத்திற் கிளிநொச்சியைச் சேர்ந்த அம்பாள்குளம் என்னும் கிராமத்தினுள் ஒரு சிறுத்தை புகுந்தது. பலரைக் காயப்படுத்திய அவ்விலங்கை ஊரவர்கள் பொல்லுகளால் அடித்துக் கொன்றனர். அக்காட்சி கைத்தொலைபேசிகளிற் பதிவாகி நாடெங்கும் பரவியது. கண்டனங்கள் எழுந்தன, சிலர் கைதுசெய்யப்பட்டனர். அவ்வேளையில் எழுந்த கண்டனங்களுட் பல ஒரே முடிவில் வந்து நின்றன. விலங்குகளிடத்து அன்பு கொள்ளுமாறு பாடசாலையிலேயே கற்பித்திருந்தால் இது நிகழ்ந்திராது என்பதே அம்முடிவு.

இம்முடிவு முற்றிலும் பிழையானதன்று. ஆயின், அது மிக எளிதாகப் பெறப்பட்ட முடிவாகும். குறை மக்களின் மனத்திலேயே உள்ளது என்றும், அம்மனத்தைச் சிறுவயதிலேயே திருத்திவிட்டாற் போதும் என்றும் அது கருதுகின்றது. போர்க்காலத்தில் மனிதர் அகன்ற நிலத்திற் காடு தழைத்ததையும், 2009 இன் பின்னர் அந்நிலத்துக்கு மீண்டவர்கள் வீட்டையும் வேலியையும் புதிதாகத் தொடங்கவேண்டியிருந்ததையும் அது கணக்கில் எடுப்பதில்லை. சிறுவயது மனத்தைத் திருத்துவதற்கெனக் கல்வியாளர் முதலிற் கையில் எடுக்கும் கருவி படநூல் ஆகும். ஆதலின், ஆரம்பப் பாடசாலையில் வனவிலங்குப் பாதுகாப்பைக் கற்பிப்பதற்குப் படநூல் எவ்வாறு பயன்படும், எவ்விடத்து அது தவறான அறிவைத் தந்துவிடும் என்பவற்றை ஆராய்வது பயனுடையது. இதுவே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. படநூல் என்னும் வடிவம்

படநூல் என்பது படங்கள் சேர்க்கப்பட்ட நூலன்று. பாடநூலில் வரும் படம் எழுத்துக்குத் துணையாக அமைவது. அதனை நீக்கினாலும் பாடம் நிற்கும். படநூலிலோ சொல்லும் படமும் ஒன்றையொன்று நிரப்பியும், சில வேளைகளில் ஒன்றையொன்று மறுத்தும் பொருளைத் தோற்றுவிக்கின்றன. இரண்டிற்கும் இடைப்பட்ட வெளியை நிரப்பும் பொறுப்பு வாசகராகிய பிள்ளையுடையது.

கொமீனியஸ் என்னும் கல்வியாளர் 1658 இல் வெளியிட்ட ‘ஓர்பிஸ் பிக்டஸ்’ என்ற நூலைச் சிறுவர் படநூலின் தொடக்கமாகக் கொள்வது வழக்கம். உலகத்துப் பொருள்களையும் உயிர்களையும் படமாக வரைந்து, ஒவ்வொன்றுக்கும் இலக்கமிட்டு, அவ்விலக்கத்துக்குரிய பெயரைப் பக்கத்தில் எழுதியது அந்நூல். அங்கே படத்தின் பணி பெயரைக் கற்பிப்பது மட்டுமே. இதற்கு நேர்மாறான ஓர் எடுத்துக்காட்டாக, பற் ஹச்சின்ஸ் 1968 இல் வெளியிட்ட ‘ரோசியின் உலா’ என்னும் ஆங்கிலப் படநூலைக் குறிப்பிடலாம். ரோசி என்னும் கோழி பண்ணையைச் சுற்றி உலாவிவிட்டு உணவு வேளைக்கு வீடு திரும்புகின்றது. நூலிலுள்ள சொற்கள் இவ்வளவையே கூறுகின்றன. படங்களிலோ ஒரு நரி அக்கோழியை முதலிலிருந்து முடிவுவரை பின்தொடர்கின்றது. பாய முனையும் ஒவ்வொரு தடவையும் ஏதாவதொன்றில் அகப்பட்டுத் தோற்கின்றது. நரி என்ற சொல் நூலில் ஓரிடத்திலேனும் இல்லை.

இந்நூலைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டும் வளர்ந்தோரின் கண் எழுத்தின் மீது செல்கின்றது. எழுத்தறியாப் பிள்ளையின் கண்ணோ படத்தின் மீது நிற்கின்றது. ஆகவே நரியை முதலிற் காண்பவர் பிள்ளையே. சொல் கூறாமல் விட்டதைப் படத்திற் கண்டுபிடித்தல் என்னும் இப்பயிற்சி திறனாய்வின் முதற்படி எனலாம். வனவிலங்குப் பாதுகாப்புக் கல்விக்கு வேண்டப்படும் அடிப்படைத் திறனும் இதுவே. அழிந்துவரும் விலங்குகளின் பெயர்ப்பட்டியலை மனனஞ் செய்வதிலும் பார்க்க, தனக்குக் காட்டப்படும் படத்தில் எது விடுபட்டுள்ளது என்று கேட்கப் பழகிய பிள்ளையே பிற்காலத்திற் காட்டைப் பற்றியும் நிலத்தைப் பற்றியும் சரியான வினாக்களை எழுப்ப வல்லது.

2. இரு வெருளிகள்

விலங்குகளைப் பற்றிய படநூலை ஆராயும்போது நாம் முதலிற் கேட்கவேண்டியது, கதை எவருடைய நிலையினின்று சொல்லப்படுகின்றது என்பதாகும். இதனை ஓர் ஒப்பீட்டினால் விளக்கலாம்.

பீட்றிக்ஸ் பொட்டர் 1902 இல் வெளியிட்ட ‘பீற்றர் முயலின் கதை’ உலகறிந்த படநூல். பீற்றர் என்னும் முயற்குட்டி தாய்சொற் கேளாது மக்கிரெகர் என்பவரின் மரக்கறித் தோட்டத்தினுட் புகுகின்றது. அதன் தந்தை முன்னர் அதே தோட்டத்தில் அகப்பட்டு உணவாகிவிட்டது. மக்கிரெகர் துரத்த, பீற்றர் தன் சட்டையையும் சப்பாத்துகளையும் விட்டுத் தப்புகின்றது. அவற்றையே தோட்டக்காரர் பறவைகளை விரட்டும் வெருளியாக நட்டுவைக்கின்றார். நூலைப் படிக்கும் பிள்ளையின் மனம் முழுவதும் முயலின் பக்கமே நிற்கும். அத்தோட்டம் மக்கிரெகரின் வாழ்வுக்கு எவ்வளவு இன்றியமையாதது, இழப்பு எவ்வளவு என்னும் வினாக்கள் கதையில் எழுவதில்லை. அந்நூலை வாங்கிப் படித்த நடுத்தர வர்க்க இல்லங்களின் உணவு, முயல் தின்னும் தோட்டத்தை நம்பியிருக்கவில்லை என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும்.

இனி, நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் (1878–1953) கத்தரித் தோட்டத்து வெருளியைப் பற்றிய பாடலை நோக்குவோம். யாழ்ப்பாணத்தின் பல தலைமுறைப் பிள்ளைகள் அதனைப் பாடி வளர்ந்தனர். அது படநூலன்று, எனினும் ஒரு படத்தை நடுவாகக் கொண்ட பாடல். அங்கே வெருளி தோட்டத்தின் பக்கத்திலிருந்து பார்க்கப்படுகின்றது, காவற்காரனாக விளிக்கப்படுகின்றது. கிணற்று நீரை இறைத்துப் பாத்திகட்டிப் பயிர்செய்யும் ஒரு சமூகத்தின் பிள்ளைக்குக் காவல் என்பது அன்றாட உழைப்பின் பகுதியாகும். பாடலின் நகைச்சுவைக்கு அடியில் அவ்வுழைப்பு கிடக்கின்றது.

ஒரே பொருள் இரு இலக்கியங்களில் இரு நிலைகளினின்று நோக்கப்படுகின்றது. முதலாவதில் விலங்கின் அச்சம் தெரிகின்றது, உழைப்பு மறைகின்றது. இரண்டாவதில் உழைப்பு தெரிகின்றது. பாடலின் பரிவு காவலின் பக்கமே நிற்கின்றது. வனவிலங்குக் கல்விக்கு இரண்டும் வேண்டும். ஆனால் இன்று எமது வகுப்பறைகளுக்கு வந்துசேரும் படநூல்களிற் பெரும்பாலானவை முதல் வகையின் வழித்தோன்றல்களாகவே உள்ளன.

உழைப்பையும் விலங்கையும் ஒருங்கே நோக்கும் மரபு தமிழுக்குப் புதியதன்று. குறிஞ்சித்திணைப் பாடல்களிலே தினைப்புனங் காத்தலும், பரண்மீதிருந்து கிளியோட்டலும், புனத்தில் வீழும் யானையைக் கவண்கல்லெறிந்து விரட்டலும் இயல்பான வாழ்க்கைச் சூழலாக அமைந்துள்ளன. புறநானூற்றின் 184 ஆம் பாட்டிலே பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்கு உரைப்பது இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் மிகச் சிறிய நிலத்தின் விளைவே யானைக்குப் பல நாளைக்குப் போதும்; யானை தானே புகுந்தாலோ வாயில் அகப்படுவதிலும் பார்க்கக் காலில் மிதிபட்டு அழிவது மிகுதி என்பது அப்பாட்டின் உவமை. அரசனின் வரிக்கொள்கையே அங்குப் பொருளாயினும், வயலிற் புகுந்த யானையை நேரிற் கண்ட உழவனின் அனுபவமின்றி அவ்வுவமை பிறந்திராது.

3. வேட்டையாடியோரும் பாதுகாத்தோரும்

யானையைப் பற்றிய படநூல்களுள் மிகப் பரவியது ஜான் டி புருனோவ் 1931 இற் பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட ‘பாபர்’ ஆகும். வேடன் ஒருவன் தாய் யானையைச் சுட்டுக் கொல்லுகின்றான். குட்டியாகிய பாபர் நகருக்கு ஓடுகின்றது. செல்வம் படைத்த முதியவள் ஒருத்தியின் பணத்தால் ஐரோப்பிய உடை தரிக்கின்றது. பின்னர் காடு திரும்பி அரசனாக முடிசூடுகின்றது. சிலி நாட்டைச் சேர்ந்த ஆரியல் டோர்ஃப்மன் இதனைக் குடியேற்றவாதத்தின் கருத்துநிலையைச் சிறுவர்க்கு ஊட்டும் கதையாக 1983 இல் வெளிவந்த தமது நூலில் ஆராய்ந்தார். அதற்கு முன்னரே 1971 இல் அவரும் ஆர்மண்ட் மத்தலாரும் இணைந்து டொனால்ட் டக் சித்திரக்கதைகளை இதே நோக்கில் ஆராய்ந்திருந்தனர். விலங்கு மனித உடை தரித்து வரும் கதைகள் சமூக உறவுகளுக்குப் புறம்பானவை அல்ல என்பதை இவ்வாய்வுகள் நிறுவின.

எமது நாட்டின் வரலாற்றோடு பொருத்திப் பார்க்கும்போது இவ்வுண்மை மேலும் துலக்கம் பெறுகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே யானையைக் கொல்வோருக்குப் பிரித்தானிய அரசு பரிசுப்பணம் வழங்கியது. 1848 க்கு முற்பட்ட மூன்று ஆண்டுகளுக்கும் குறைந்த காலத்தில் வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் 3,500 க்கும் மேற்பட்ட யானைகளுக்கும், 1851 க்கும் 1856 க்கும் இடையிலே தென்மாகாணத்தில் 2,000 யானைகளுக்கும் அவ்வாறு பணம் கொடுக்கப்பட்டதாக எமர்சன் ரெனன்ற் எழுதியுள்ளார். பதுளையிற் பதவி வகித்த மேஜர் றோஜர்ஸ் என்ற ஒருவர் மட்டும் 1,400 க்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றதாகவும் அவரே கூறுகின்றார். 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் காடுகளை அரசுடைமையாக்கிப் பெருந்தோட்டங்களுக்கு வழிதிறந்தது. கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் மலைநாட்டுக் காடு அழிக்கப்பட்டது.

விலங்குகள் குறைந்தபோது, வேட்டையாடும் வர்க்கத்தினரே பாதுகாப்பைப் பற்றியும் பேசத் தொடங்கினர். 1894 இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் தோன்றியது. 1937 இல் வன விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. 1938 இல் யாலவும் வில்பத்துவும் தேசிய வனங்களாயின. இவற்றின் பயனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. இவை இல்லாதிருந்தால் இன்று எஞ்சியிருப்பதும் எஞ்சியிராது. ஆனால், இவ்வரலாற்றின் போக்கிலே ஒரு மாற்றம் நிகழ்ந்ததை மறைத்தலாகாது. துப்பாக்கியோடு வந்த துரை வேட்டை வீரராக நினைக்கப்பட, கம்பிச் சுருக்கோடு நிற்கும் ஏழைக் கிராமத்தவர் காட்டின் பகைவராகக் கருதப்படலானார். நல்ல யானை, கெட்ட கிராமத்தவர், காக்க வரும் நகரத்துப் பிள்ளை என்னும் படநூற் கதையமைப்பு இக்கருத்துநிலையின் எளிய வடிவமே.

4. காடு அங்கே, ஊர் இங்கே

மேற்கூறிய கதையமைப்புக்கு ஏற்பவே படநூல்களின் நிலக்காட்சியும் அமைகின்றது. ஒரு பக்கத்திற் பசுங்காடு, மறுபக்கத்தில் ஊர், இடையில் ஒரு கோடு. வழிதவறி ஊருக்குள் வந்த குட்டி மீண்டும் காட்டில் விடப்படுவதோடு கதை இனிதே முடிவுறும்.

உண்மை நிலை இதற்கு முரணானது. அண்மைக் காலத்தில் நடத்தப்பட்ட நாடளாவிய ஆய்வொன்றின்படி, இலங்கையின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 60 வீதத்தில் யானைகள் நடமாடுகின்றன. அப்பரப்பில் ஏறத்தாழ 70 வீதத்தில் மனிதரும் வாழ்கின்றனர். அதாவது, யானையின் நிலத்திற் பெரும்பகுதி மனிதரின் நிலமுமாகும். 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டமும், 1977 இன் பின்னர் துரிதப்படுத்தப்பட்ட மகாவலித் திட்டமும் யானைகள் நடமாடிய காடுகளை வயல்களாகவும் குடியேற்றங்களாகவும் மாற்றின. 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 5,879 யானைகள் பதிவாயின. 2023 இல் மாத்திரம் 400 க்கும் மேற்பட்ட யானைகளும், 150 க்கும் மேற்பட்ட மனிதரும் இறந்தனர். தீனியினுள் மறைத்துவைக்கப்படும் ‘ஹக்கபட்டாஸ்’ என்னும் வெடியாலும், துப்பாக்கிச் சூட்டாலும், சட்டவிரோத மின்கம்பிகளாலும் யானைகள் இறக்கின்றன. வயல் காக்கச் சென்ற உழவரும், இருளில் வீடு திரும்பும் கூலியாளரும், குடிசையில் உறங்கும் முதியோரும் யானையால் இறக்கின்றனர். இம்மனிதர் ஏறக்குறைய அனைவரும் ஒரே வர்க்கத்தைச் சேர்ந்தவர்கள்.

இத்தகைய ஊர்ப் பிள்ளையின் முன் படநூல் திறக்கப்படும்போது நிகழ்வது யாது? கிழக்கில் எல்லைப்புறக் கிராமம் ஒன்றின் பாடசாலையில், மூன்றாம் தர வகுப்பில் நாம் கண்டதை இங்குக் குறிப்பிடலாம். வழிதவறிய யானைக்குட்டியை ஊர்ப்பிள்ளைகள் காட்டில் விட்டுவரும் கதையை ஆசிரியை நயமாகப் படித்துக் காட்டினார். படித்து முடிந்ததும் ஒரு சிறுவன், “பிறகு அது வளந்து வயலுக்கு வரல்லியா டீச்சர்?” என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. ஆசிரியை புத்தகத்தை மூடிவிட்டு, யானை எமது நண்பன் என்ற வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதினார். சிறுவனும் அதனைத் தன் கொப்பியில் எழுதிக்கொண்டான்.

நாம் அவ்வாசிரியையைக் குறைகூறவில்லை. பாடவேளை குறுகியது, தேர்ச்சிப் பட்டியல் நீண்டது, புலமைப்பரிசிற் பரீட்சையின் நிழல் கீழ் வகுப்புகள் வரை நீண்டு கிடக்கின்றது. அவ்வினாவை எதிர்கொள்வதற்கு அவர் கையிலிருந்த புத்தகமும் உதவவில்லை. ஆயினும் அன்றைய வகுப்பின் மிகச் சிறந்த வினா அதுவேயாகும். அச்சிறுவனின் தந்தை அன்றிரவும் வயற்காவலுக்குச் சென்றிருக்கக்கூடும். யானை நண்பன் என்பது பாடசாலையில் எழுதவேண்டிய விடை. யானை வருகின்றது என்பது வீட்டில் அறிந்த உண்மை. இவ்விரண்டும் ஒன்றையொன்று சந்திக்காதவாறு பிள்ளையின் அறிவு அங்கே இரண்டாகப் பிளக்கப்படுகின்றது. வளர்ந்தபின் அவன் எந்த அறிவைக் கொண்டு செயற்படுவான் என்பதை ஊகிப்பது அரிதன்று. அன்பை மாத்திரம் கற்பிக்கும் கல்வி, அன்பையும் கற்பிக்கத் தவறுகின்றது.

5. வகுப்பறையிற் செய்யத்தக்கவை

இதனால், படநூலைக் கைவிடவேண்டும் என்பது எமது முடிபன்று. தரம் 1 முதல் 5 வரை கற்பிக்கப்படும் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்னும் பாடத்துக்கு அதனினும் பொருத்தமான கருவி அரிது. அதனைத் தெரிந்தெடுக்கும் முறையும் படிக்கும் முறையுமே மாறவேண்டும்.

முதலாவது, தெரிவு. ஒரு நூலை வகுப்புக்குக் கொண்டுசெல்லுமுன் ஆசிரியர் மூன்று வினாக்களைக் கேட்டுப் பார்க்கலாம். இந்நூலின் விலங்கு எமது நிலத்தில் வாழ்கின்றதா? அது எதைத் தின்கின்றது, எங்கே உறங்குகின்றது என்பவற்றைப் படங்கள் உண்மையாகக் காட்டுகின்றனவா? இந்நிலத்தில் உழைக்கும் மனிதர் படத்தில் எங்கேனும் உளரா? அகரவரிசைப் படநூல்களில் வரிப்புலி வருகின்றது. இலங்கைக் காட்டில் வரிப்புலி இல்லை. உள்ளது புள்ளிகளையுடைய சிறுத்தையே. அதனைத் தன் நாட்டு விலங்கென்று அறியாமலே பல பிள்ளைகள் ஆரம்ப வகுப்பைக் கடந்துவிடுகின்றனர். காணாத விலங்கிடத்து அன்பும், அயலிலுள்ள விலங்கிடத்து அச்சமும் வளர்வதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

நல்ல தெரிவுக்கு எடுத்துக்காட்டாக, சிபில் வெத்தசிங்ஹ (1927–2020) என்னும் சிங்கள எழுத்தாளர் 1956 இல் வெளியிட்ட ‘குட ஹொரா’ (குடைத் திருடன்) என்ற படநூலைக் கூறலாம். குடையையே கண்டிராத ஊரினரான கிரி மாமா பட்டணத்திலிருந்து வாங்கிவரும் குடைகள் ஒவ்வொன்றாகக் களவு போகின்றன. ஒரு தடவை அவர் குடையின் மடிப்புகளுக்குள் கடதாசித் துண்டுகளை வைத்து, அவை சிந்திய வழியே சென்று, காட்டு மரக்கிளைகளிற் குடைகள் தொங்குவதைக் காண்கின்றார். திருடன் ஒரு குரங்கு. அவர் தமது குடைகளை எடுத்துக்கொண்டு, ஒன்றை மட்டும் திருடனுக்கென விட்டுவருகின்றார். இங்கே மனிதரின் இழப்பு மறைக்கப்படவில்லை, விலங்கும் கொல்லப்படவில்லை. இழப்பை ஆராய்ந்து, காரணத்தைக் கண்டு, இருவருக்கும் இடமளிக்கும் ஒரு தீர்வு எட்டப்படுகின்றது. பாதுகாப்பு என்ற சொல்லைப் பயன்படுத்தாமலே அதன் சாரத்தை உணர்த்தும் நூல் இது.

இரண்டாவது, படிக்கும் முறை. ஒரு நூலை மூன்று தடவை படித்தல் நன்று. முதல் தடவை எழுத்தை மறைத்துப் படங்களை மாத்திரம் காட்டி, பிள்ளைகளையே கதை சொல்லவிடலாம். இரண்டாம் தடவை எழுத்தை வாசித்து, தாம் சொன்னதற்கும் எழுதியிருப்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் காணச்செய்யலாம். மூன்றாம் தடவை, ஓரிரு பக்கங்களில் நிறுத்தி வினாவலாம். இந்த யானை இன்று எதைத் தின்றது? இந்த வயல் எவருடையது? இந்தப் பக்கத்தில் நாம் காணாதவர் எவர்? வளர்ந்த யானை நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோகிராம் தீனி உண்ணும் என்னும் செய்தி இவ்விடத்திலேயே பயன்படும். பிள்ளை அதனைத் தன் வீட்டு நெல்மூடையோடு ஒப்பிட்டு விளங்கிக்கொள்ளும். பயிருக்கு வருபவை பெரும்பாலும் வளர்ந்த ஆண் யானைகளே, குட்டிகளோடு கூடிய கூட்டங்கள் அல்ல என்பதையும் ஆசிரியர் கூறலாம்.

மூன்றாவது, ஊரோடு பொருத்துதல். யானை வந்த திகதி, வந்த வழி, தின்ற பயிர், விரட்டிய முறை என்பவற்றை மூத்தோரிடம் கேட்டு வகுப்புச் சுவரில் ஒரு வரைபடமாக்கலாம். சில மாதங்களில் அவ்வழிகளில் ஓர் ஒழுங்கு புலப்படும். அப்போது, யானையின் வரவு விதியோ பகையோ அன்று, காரணங்களையுடைய நிகழ்வு என்பது பிள்ளைக்குத் தெளிவாகும். 2020 இல் தயாரிக்கப்பட்ட தேசிய செயற்றிட்டம் ஊர்களையும் வயல்களையும் சுற்றி மின்வேலி அமைப்பதையும், வயல்வேலியை அறுவடையின் பின் அகற்றிவிடுவதையும் பரிந்துரைத்துள்ளது. காட்டெல்லையில் வேலியிட்டு யானையை அடைத்துவிடலாம் என்ற பழைய எண்ணத்துக்கும் இதற்குமுள்ள வேறுபாட்டை, அவ்வரைபடத்தின் முன் நிற்கும் பத்து வயதுப் பிள்ளையால் விளங்கிக்கொள்ள முடியும்.

இம்முறை யானைக்கு மாத்திரம் உரியதன்று. மலையகத்தில் 2020 மே மாதம் நல்லதண்ணிப் பிரதேசத்தில் ஒரு கருஞ்சிறுத்தை கம்பிச் சுருக்கில் அகப்பட்டு இறந்தது. சுருக்குகள் பெரும்பாலும் காட்டுப்பன்றிக்காக வைக்கப்படுவன. லயத்தின் பின்னாலுள்ள சிறு மரக்கறிப் பாத்தியைப் பன்றி அழிக்கும்போது தோட்டத் தொழிலாளியின் குடும்பம் எதைச் செய்யலாம் என்னும் வினாவின்றிச் சிறுத்தையைப் பற்றிய பாடம் முழுமை பெறாது. மன்னாரிற் பூநாரையும் கடற்பசுவும், யாழ்ப்பாணத்திற் பனங்கூடலின் பறவைகளும் உடும்பும் பாடமாகலாம்.

நான்காவது, ஆக்கம். வகுப்பே ஒரு படநூலை உருவாக்கலாம். இதற்கு விலையுயர்ந்த தாள் வேண்டியதில்லை. பழைய நாட்காட்டிகளின் பின்புறம் போதும். பிள்ளைகள் தம் ஊர்ப்பேச்சிலேயே கதையைச் சொல்ல, ஆசிரியர் எழுத, அவர்களே படம் வரையலாம். வயலும் பரணும் மின்வேலியும் யானையும் ஒரே பக்கத்தில் இடம்பெறும் படநூல் கடைகளில் எளிதிற் கிடைப்பதில்லை. அதனை எமது பாடசாலைகளே ஆக்கவேண்டியுள்ளது.

6. இரு மறுப்புகள்

இக்கருத்துகளுக்கு இரு திசைகளினின்று மறுப்பு எழலாம். ஆறு வயதுப் பிள்ளையின் புத்தகத்திற் பிணக்கையும் வறுமையையும் புகுத்தலாமா என்பது ஒன்று. நகரத்துப் பிள்ளைக்கு வேண்டுமாயின் இவை புகுத்தப்படுவனவாய் இருக்கலாம். எல்லைப்புறப் பிள்ளைக்கு இவை ஏலவே தெரிந்தவை. அவற்றைப் புத்தகத்தில் இல்லாமற் செய்வதே, அப்பிள்ளையின் வாழ்வு புத்தகத்துக்குத் தகுதியற்றது என்னும் பாடத்தைப் புகுத்துவதாகும். அச்சுறுத்தாத மொழியிலும், தீர்வைத் தேடும் போக்கிலும் அமைந்தால் இவ்வுண்மைகளைச் சிறுவர் தாங்குவர்.

மற்றையது எமது அணியிலிருந்தே எழக்கூடியது. மனிதரின் பசி தீராதபோது விலங்கைப் பற்றிப் பேசுவது மேற்றட்டு வர்க்கத்தாரின் பொழுதுபோக்கு என்று கூறுவோர் உளர். எமது முற்போக்கு இலக்கியமும் காட்டை வெட்டிக் கழனியாக்கிய உழைப்பைப் போற்றிய அளவுக்கு, வெட்டப்பட்ட காட்டில் வாழ்ந்தவற்றைப் பற்றிச் சிந்திக்கவில்லை என்பதை நாம் ஒப்புக்கொள்ளல் வேண்டும். ஆயின், ஏங்கெல்ஸ் ‘இயற்கையின் இயங்கியல்’ என்னும் முற்றுப்பெறாத நூலிலே, இயற்கைமீது பெறும் வெற்றிகளையிட்டு மனிதர் இறுமாப்படையலாகாது என்றும், காடழித்து நிலம் பெற்ற பண்டைச் சமூகங்கள் நீரையும் இழந்து அந்நிலத்தின் பாழுக்கும் வித்திட்டன என்றும் எச்சரித்துள்ளார். குளத்தின் நீரேந்து பரப்பிலுள்ள காடு யானைக்கு மட்டும் உரியதன்று. அக்குளத்தை நம்பிய வயலுக்கும் உரியது. உழவனின் நலனும் காட்டின் நலனும் அடிப்படையில் முரண்பட்டவை அல்ல. அவற்றை முரண்பட வைத்தவை நில உறவுகளும் திட்டமிடலின் குறைகளுமேயாம்.

படநூல் ஒன்று யானையைக் காப்பாற்றிவிடும் என நாம் கருதவில்லை. காணிக் கொள்கை, இழப்பீடு, வேலிகளின் பராமரிப்பு ஆகியவையே அதனைத் தீர்மானிப்பன. ஆனால் அவற்றைப் பற்றி நாளை முடிவுசெய்யப் போகின்றவர்களும், அம்முடிவுகளைக் கேள்விக்குள்ளாக்கப் போகின்றவர்களும் இன்று ஆரம்ப வகுப்பில் அமர்ந்திருக்கின்றனர். மூன்றாம் தரத்துச் சிறுவன் எழுப்பிய வினாவுக்கு விடையளிக்கக்கூடிய ஒரு படநூலேனும் அவனுடைய வகுப்பறையில் இருத்தல் வேண்டும். அதுவரை, அவன் வினவும்போது புத்தகத்தை மூடாதிருப்பதே எமது ஆசிரியர்கள் செய்யத்தக்க முதற்பணி ஆகும்.